பில்டு பச்சையாக இருந்தால் போதுமா? டெஸ்டிங் குறித்த வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: ஒன்பது ஆண்டுகளாக மேனுவல் டெஸ்டராக இருக்கிறேன். எங்கள் அலுவலகத்தில் க்யூஏ (தரச் சோதனை) பிரிவைக் கலைத்து, எங்களை ஆளுக்கொரு டெவலப்பர் அணியில் சேர்த்துவிட்டார்கள். டெஸ்ட்களை டெவலப்பர்களே எழுதுகிறார்கள். இனி அங்கே எனக்கு என்ன வேலை?
– வாசகி, சென்னை

வேலை இருக்கிறது. அது வரும் நேரம்தான் மாறிவிட்டது.

ஆறு மாதத்துக்கு ஒரு ரிலீஸ் என்றிருந்த காலத்தில் கடைசி ஆறு வாரத்தை டெஸ்டிங்குக்கென்று ஒதுக்க முடிந்தது. நாளுக்கு இரண்டு ரிலீஸ் போகும் அணியில் அந்த ஆறு வாரம் எங்கிருந்து வரும்? இணையச் சேவைகளுக்கு மாறிக்கொண்டிருந்த மைக்ரோசாப்ட், 2014 வாக்கில் பல பிரிவுகளில் டெஸ்ட் எழுதுபவர், கோடு (புரோகிராம்) எழுதுபவர் என்ற இரண்டு பதவிகளை ஒன்றாக்கியது. மற்ற நிறுவனங்களும் அவரவர் வசதிப்படி அதே வழியில் நடக்கின்றன.

ஆனால் டெவலப்பர் எழுதும் டெஸ்ட், அவர் நினைத்துப் பார்த்த வழிகளை மட்டுமே சோதிக்கும். அவர் நினைத்துப் பார்க்காததை, கோடு எழுதுவதற்கு முன்பே எடுத்து வைப்பதுதான் இப்போது உங்கள் முதல் வேலை.

ஓர் உதாரணம். "ஆர்டரில் ஒரு பொருளை ரத்து செய்தால் அதன் பணம் திரும்பப் போக வேண்டும்" என்று ஒரு ஸ்டோரி (செய்ய வேண்டிய வேலையின் குறிப்பு) வருகிறது. கேட்க எளிதாக இருக்கிறது. இப்போது எண்களைப் போட்டுப் பாருங்கள். 300 ரூபாய் வீதம் மூன்று சட்டைகள், மொத்தம் 900. கூப்பன் தள்ளுபடி 100. வாடிக்கையாளர் கட்டியது 800. ஒரு சட்டையின் பங்கு 266.666… அதை 266.67 ஆக்குகிறோம். அவர் மூன்றையும் ஒவ்வொன்றாக ரத்து செய்தால் திரும்பப் போக வேண்டியது 800.01 ரூபாய். கட்டியதைவிட ஒரு பைசா அதிகம். பேமென்ட் கேட்வே அதை ஏற்காது. மூன்றாவது சட்டையின் பணம் நடுவழியில் நிற்கும். கடைசிப் பொருளுக்குப் பங்கு கணக்கிடாமல், மீதித் தொகையான 266.66-ஐக் கொடுத்தால் சிக்கல் தீரும்.

இன்னொன்று. அந்தக் கூப்பனுக்குக் குறைந்தபட்ச ஆர்டர் 750 ரூபாய் என்றால், ஒரு சட்டையை ரத்து செய்ததும் மீதி 600 தானே? கூப்பன் செல்லுமா? இதற்கு டெவலப்பரிடம் பதில் இருக்காது, வியாபாரத்தைப் பார்ப்பவர்தான் முடிவு செய்ய வேண்டும். மூன்றாவதாக, ரீஃபண்ட் கோரிக்கை வங்கிக்குப் போய்ச் சேர்ந்து, பதில் மட்டும் வழியில் தொலைந்துபோனால்? நம் புரோகிராம் மறுபடி கேட்கும். பணம் இரண்டு முறை போகும். ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனி அடையாள எண் கொடுத்து, அதே எண் மறுபடி வந்தால் பணம் போகாதபடி செய்யச் சொல்ல வேண்டும்.

இந்த மூன்றையும் ஸ்டோரியைப் பேசும் அரைமணி நேரக் கூட்டத்திலேயே சொல்லிவிடலாம். ஐந்தாறு உதாரணங்களை எண்களோடு அந்த ஸ்டோரியிலேயே எழுதி வையுங்கள். டெவலப்பர் அவற்றை அப்படியே டெஸ்ட்டாக மாற்றிக்கொள்வார். பில்டு (கோடிலிருந்து தயாராகும், ஓட்டிப் பார்க்கக்கூடிய பதிப்பு) வந்த பிறகு, ஒரே ஒரு குறிக்கோளோடு ஒன்று அல்லது ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து ஆராயுங்கள்: "இன்று நெட்வொர்க் அறுந்து அறுந்து வரும்போது ரத்து செய்வதை மட்டும் பார்க்கிறேன்" என்பதுபோல. பார்த்ததைக் குறித்துக்கொண்டே போங்கள்.

ஒரு வலையில் மட்டும் விழாதீர்கள். "ஆட்டோமேஷன் முழுவதையும் நீங்களே எழுதிவிடுங்கள்" என்பார்கள். எட்டு டெவலப்பர்களின் கோடுக்கு ஒருவர் டெஸ்ட் எழுதினால் எப்போதும் ஒரு ஸ்பிரிண்ட் (வேலைச் சுற்று) பின்தங்கியே இருப்பார். கலைத்த பழைய பிரிவு ஒரே ஆளாகத் திரும்பி வந்ததுபோல் ஆகிவிடும்.

கேள்வி: எங்கள் கோடு கவரேஜ் 92 சதவீதம். ஆனாலும் வாடிக்கையாளரிடமிருந்து பக் வருவது குறையவில்லை. 100 சதவீதம் ஆக்கினால் தீருமா?
– வாசகர், கோயம்புத்தூர்

தீராது. டெஸ்ட் ஓடும்போது எந்த வரிகள் ஓடின என்பதை மட்டுமே கவரேஜ் சொல்கிறது. அந்த வரி கொடுத்த விடை சரியா என்று யாராவது பார்த்தார்களா என்பது அதற்குத் தெரியாது. விடையைச் சரிபார்க்கும் 'அசெர்ட்' வரி ஒன்றுகூட இல்லாத டெஸ்ட்டும் கவரேஜை உயர்த்தும். அதனால்தான் கவரேஜை இலக்காக வைக்கும் அணிகளில் அப்படிப்பட்ட டெஸ்ட்கள் பெருகுகின்றன.

"500 ரூபாய்க்கோ அதற்கு மேலோ வாங்கினால் டெலிவரி இலவசம்" என்பது விதி. டெவலப்பர் கைதவறி "500-ஐவிட அதிகமாக இருந்தால்" என்று எழுதிவிட்டார். டெஸ்ட்கள் இரண்டு: 300 ரூபாய்க்குக் கட்டணம் உண்டு, 800 ரூபாய்க்கு இல்லை. டெஸ்ட் தேறினால் பச்சை, தோற்றால் சிவப்பு. இரண்டும் பச்சை. கவரேஜ் 100 சதவீதம். சரியாக 500 ரூபாய்க்கு வாங்கியவர் கட்டணம் கட்டிக்கொண்டிருக்கிறார்.

இந்த ஓட்டையைக் காட்டித் தருவது மியூட்டேஷன் டெஸ்டிங். 1970-களிலேயே பிறந்த யோசனை. கணினி வேகம் போதாமல் நெடுநாள் ஏட்டளவில் இருந்தது. கருவி உங்கள் கோடில் வேண்டுமென்றே ஒரு சிறு மாற்றத்தைச் செய்யும்: "அதிகம்" என்பதை "அதிகம் அல்லது சமம்" ஆக்கும், கூட்டலைக் கழித்தலாக்கும், ஒரு வரியை நீக்கும். பிறகு உங்கள் டெஸ்ட்களை ஓட்டும். ஏதாவது ஒன்று சிவப்பானால் நல்லது. எல்லாம் பச்சையாகவே இருந்தால் அந்த வரியை உங்கள் டெஸ்ட் காவல் காக்கவில்லை என்று பொருள். மேலே உள்ள உதாரணத்தில் அப்படித்தான் ஆகும். 499, 500, 501 மூன்றையும் சோதிக்க வேண்டும் என்பது அப்போது புரியும்.

ஜாவாவுக்கு பிட், ஜாவாஸ்கிரிப்டுக்கு ஸ்ட்ரைக்கர், பைத்தானுக்கு மியூட்மட் என்று இலவசக் கருவிகள் உண்டு. மொத்தக் கோடுக்கும் ஒரேயடியாக ஓட்டாதீர்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் டெஸ்ட்களைத் திரும்ப ஓட்ட வேண்டியிருப்பதால் மணிக்கணக்கில் இழுக்கும். பணக்கணக்கு, வரி, அனுமதி சரிபார்ப்பு ஆகிய பகுதிகளில் தொடங்குங்கள். பிறகு அன்றன்று மாறிய கோப்புகளுக்கு மட்டும் ஓட்டினால் போதும்.

கேள்வி: எங்களிடம் 1,200 ஆட்டோமேஷன் டெஸ்ட்கள். ஒரு நாளைக்கு ஐந்து பில்டு ஓடும். தினமும் ஐந்தாறு டெஸ்ட்கள் காரணமே இல்லாமல் தோற்கின்றன. திரும்ப ஓட்டினால் பச்சை. "ரீ-ரன் கொடு" என்பதே எங்கள் வேதவாக்காகிவிட்டது. என்ன செய்வது?
– வாசகர், பெங்களூரு

இந்த மாதம் வந்த கேள்விகளில் இதற்குத்தான் நீளமான பதில் தேவை. காரணம், ஓர் அணி டெஸ்ட்கள்மேல் நம்பிக்கை இழப்பது பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது.

முதலில் கணக்கு. ஒவ்வொரு டெஸ்ட்டும் ஆயிரம் முறைக்கு ஒரு முறைதான் பொய்யாகத் தோற்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு டெஸ்ட்டுக்கு அது மிக நல்ல தரம். ஆனால் 1,200 டெஸ்ட்களும் ஒரே பில்டில் பச்சையாக வருவதற்கான வாய்ப்பு 0.999-ஐ 1,200 முறை பெருக்கினால் வருவது: ஏறக்குறைய 30 சதவீதம். பத்து பில்டில் ஏழு சிவப்பு! நீங்கள் சொல்லும் ஐந்தாறு தோல்வியும் இந்தக் கணக்குக்கு ஒத்துவருகிறது. இது உங்கள் அணிக்கு மட்டும் வந்த நோய் அல்ல. 2016-இல் கூகுள் வெளியிட்ட விவரப்படி, அவர்களுடைய டெஸ்ட்களில் சுமார் 16 சதவீதத்தில் ஏதோ ஓரளவு இந்த ஃப்ளேக்கித்தன்மை (அதே கோடுக்கு ஒரு முறை தேறி ஒரு முறை தோற்பது) இருந்தது.

இனி காரணங்கள். முதலிடம் 'ஸ்லீப்'புக்கு. "மூன்று விநாடி பொறுத்துப் பிறகு பட்டனைத் தட்டு" என்று எழுதியிருப்பார்கள். சர்வருக்கு வேலை அதிகமான நேரத்தில் பக்கம் வர நான்கு விநாடி ஆகும். விநாடியைக் கூட்டுவது தீர்வல்ல; அப்போது 1,200 டெஸ்ட்களும் மெதுவாகும். எதற்காகக் காத்திருக்கிறோமோ அது நடந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும்: பட்டன் தெரிகிறதா, தட்டக்கூடிய நிலையில் இருக்கிறதா, ஆர்டர் எண் திரையில் வந்ததா.

அடுத்தது பொதுத் தரவு. ஒரே டெஸ்ட் பயனரை இருபது டெஸ்ட்கள் பகிர்ந்துகொள்ளும். ஒன்று கார்ட்டைக் காலி செய்யும்போது இன்னொன்று அதில் பொருள் சேர்த்துக்கொண்டிருக்கும். தனித்தனியாக ஓட்டினால் இரண்டும் பச்சை. ஒரே நேரத்தில் ஓட்டினால் ஏதாவது ஒன்று விழும். ஒவ்வொரு டெஸ்ட்டும் தனக்கான பயனரைத் தானே உருவாக்கிக்கொள்ள வேண்டும். இது சரியாகிவிட்டதா என்று அறிய, டெஸ்ட்களின் வரிசையைக் குலுக்கிப்போட்டு ஓட்டுங்கள். ஒளிந்திருக்கும் சார்புகள் ஒரு வாரத்தில் வெளியே வரும்.

மூன்றாவது, நேரம். நம் ஊர் அணிகளைத் தனியாகப் படுத்தும் ஒன்று இதில் உண்டு. டெவலப்பரின் லேப்டாப் இந்திய நேரத்தில் ஓடுகிறது, பில்டு சர்வர் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில். இடைவெளி ஐந்தரை மணி நேரம். இங்கே நள்ளிரவு 12 முதல் காலை 5.30 வரை யுடிசி-யில் முந்தைய நாள் தேதிதான். "இன்றைய ஆர்டர்கள்" போன்ற டெஸ்ட் பகலில் எப்போதும் தேறும். இரவு 2 மணி பில்டில் மட்டும் தோற்கும். காலையில் வந்து ஓட்டிப் பார்ப்பவருக்குப் பச்சையாகவே தெரியும். கோடு நேரடியாகக் கணினிக் கடிகாரத்தைக் கேட்காமல், வெளியிலிருந்து கொடுக்கும் கடிகாரத்தைக் கேட்குமாறு மாற்றுங்கள். பிறகு இரவு 2 மணியையும் பிப்ரவரி 29-ஐயும் எந்த மதிய நேரத்திலும் சோதிக்கலாம்.

செய்ய வேண்டிய முறை இது. பொய்யாகத் தோற்கும் டெஸ்ட்டை முக்கிய பில்டிலிருந்து உடனே எடுத்துத் தனிப் பட்டியலில் வையுங்கள். அதற்கு ஒருவர் பொறுப்பு, இரண்டு வாரம் கெடு. கெடுவுக்குள் சரிசெய்யாவிட்டால் நீக்கிவிடுங்கள். யாரும் நம்பாத டெஸ்ட் இருப்பதும் இல்லாததும் ஒன்றே. புதிதாக எழுதும் டெஸ்ட்டை மெர்ஜ் செய்வதற்கு (பொதுக் கோடில் சேர்ப்பதற்கு) முன் நூறு முறை திரும்பத் திரும்ப ஓட்டுங்கள். தானாக ஒரு முறை ரீ-ரன் அனுமதிக்கலாம், ஆனால் எந்த டெஸ்ட் எத்தனை முறை அந்தச் சலுகையால் தேறியது என்ற கணக்கு எழுதப்பட வேண்டும். பட்டியலின் உச்சியில் உள்ள பத்தைச் சரிசெய்தாலே பெரும்பாலும் பாதித் தொல்லை தீரும்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. சில சமயம் டெஸ்ட் பொய் சொல்வதில்லை, மென்பொருளே தள்ளாடுகிறது. இருநூறு ஓட்டத்தில் ஒரு முறை ஒரே ஆர்டர் இரண்டாகப் பதிவானால், அது உங்கள் கோடில் இருக்கும் ரேஸ் கண்டிஷன் (ஒரே நேரத்தில் ஓடும் இரு வேலைகள் மோதுவதால் வரும் பிழை). லட்சம் வாடிக்கையாளர்கள் வந்தால் ஐந்நூறு பேருக்கு அது நடக்கும். ஆகவே ரீ-ரன் கொடுக்கும் முன் தோற்ற ஓட்டத்தின் லாக்கையும் (பதிவுக் குறிப்பையும்) ஸ்கிரீன்ஷாட்டையும் சேமித்துக்கொள்ளுங்கள். பட்டன் வருவதற்குள் டெஸ்ட் அவசரப்பட்டதா, அல்லது சர்வரே தவறான விடை கொடுத்ததா? இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் எந்தச் சிவப்பையும் தள்ளிவிடாதீர்கள்.

கேள்வி: செலினியமா, பிளேரைட்டா?
– வாசகி, மதுரை

இரண்டும் பிரௌசரைத் தானாக இயக்கிச் சோதிக்கும் கருவிகள். செலினியத்தில் நன்றாக ஓடும் டெஸ்ட்கள் கையில் இருந்தால் மாற்ற வேண்டாம். புதிதாகத் தொடங்குவதென்றால் பிளேரைட். பட்டன் தயாராகும்வரை தானே காத்திருப்பதால் முந்தைய பதிலில் சொன்ன 'ஸ்லீப்' தொல்லை குறையும். எதைத் தேர்ந்தாலும், பிரௌசரைத் திறந்து சோதிக்க வேண்டியவை எவை என்று முதலில் பிரித்துவிடுங்கள். வரிக் கணக்கைச் சோதிக்கப் பிரௌசர் எதற்கு?

கேள்வி: 2024 ஜூலையில் கிரவுட்ஸ்ட்ரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் அப்டேட்டால் உலகம் முழுக்க விண்டோஸ் கணினிகள் நீலத் திரையாகி நின்றனவே, அவ்வளவு பெரிய நிறுவனத்தில் டெஸ்டிங்கே செய்யமாட்டார்களா?
– வாசகர், திருச்சி

செய்தார்கள். செய்தும் எப்படி நழுவியது என்பதில்தான் பாடம் இருக்கிறது.

ஜூலை 19, இந்திய நேரம் காலை 9.39-க்கு அந்த அப்டேட் வெளியானது. 78 நிமிடத்தில் திரும்பப் பெற்றுவிட்டார்கள். அதற்குள் சுமார் 85 லட்சம் கணினிகள் பாதிக்கப்பட்டதாக மைக்ரோசாப்ட் மதிப்பிட்டது. இந்திய விமான நிலையங்களில் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்ததைப் பலர் பார்த்திருப்பீர்கள்.

அன்று போனது புதிய புரோகிராம் அல்ல, ஏற்கெனவே கணினியில் இருந்த புரோகிராம் படிக்கும் ஒரு தரவுக் கோப்பு. அந்தக் கோப்பின் வரையறைப்படி 21 உள்ளீடுகள் இருக்க வேண்டும். புரோகிராம் கொடுத்ததோ 20. பிப்ரவரி மாதம் முதல் இந்த முரண்பாடு இருந்தும் எதுவும் ஆகவில்லை. ஏனென்றால் அதுவரை வந்த எல்லாக் கோப்புகளிலும், சோதித்த கோப்புகளிலும், 21-ஆவது இடத்தில் "எதுவானாலும் சரி" என்ற குறியே இருந்தது. அந்த இடத்தைப் படிக்கும் தேவையே வரவில்லை. ஜூலை 19 கோப்பு முதன்முறையாக அங்கே ஒரு குறிப்பிட்ட மதிப்பைக் கேட்டது. இல்லாத 21-ஆவதைத் தேடி, புரோகிராம் நினைவகத்தின் எல்லைக்கு வெளியே போனது. விண்டோஸின் மையப் பகுதியான கர்னலுக்குள் ஓடும் புரோகிராம் என்பதால் கணினியே விழுந்தது. கோப்பைச் சரிபார்க்கும் கருவியும் 21 வரும் என்றே எண்ணி அதை அனுமதித்துவிட்டது.

எந்த அணியும் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவை உண்டு. கான்ஃபிக் (அமைப்புகள்) கோப்பு, விலைப்பட்டியல், விதிப்பட்டியல் ஆகியவை கோடு இல்லை என்று டெஸ்டிங் இல்லாமல் அனுப்பும் பழக்கம் பரவலாக உள்ளது. நிறுத்துங்கள். கோடு போகும் அதே பாதையில் அவையும் போகட்டும். டெஸ்ட் தரவில் ஒவ்வொரு இடத்துக்கும் குறைந்தது ஒரு முறையாவது உண்மையான மதிப்பைக் கொடுங்கள்.

அதைவிட முக்கியம், எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பாதிருப்பது. அந்த வகைக் கோப்புகள் அன்று படிப்படியாக அனுப்பப்படவில்லை. பிறகுதான் அந்த முறையைக் கொண்டுவந்தார்கள். முதலில் உங்கள் அலுவலகக் கணினிகள், பிறகு 1 சதவீதம், 10, 50, 100. ஒவ்வொரு படியிலும் பிழை விகிதத்தையும் கிராஷ் எண்ணிக்கையையும், அதே நேரத்தில் பழைய பதிப்பு ஓடும் இடங்களோடு ஒப்பிடுங்கள். நேற்றைய எண்ணோடு ஒப்பிட்டால் ஞாயிறும் திங்களும் ஏமாற்றும். வரம்பு மீறினால் மனிதர் உத்தரவுக்குக் காத்திராமல் தானாகப் பின்வாங்க வேண்டும்.

டேட்டாபேஸ் மாற்றம் மட்டும் அவ்வளவு எளிதாகப் பின்வாங்காது. ஒரு பத்தியின் (நெடுவரிசையின்) பெயரை மாற்ற வேண்டுமென்றால் முதல் ரிலீஸில் புதிய பத்தியைச் சேருங்கள். அடுத்ததில் இரண்டிலும் எழுதிப் பழைய தரவை நகலெடுங்கள். அதற்கடுத்ததில் புதியதிலிருந்து படியுங்கள். எல்லாம் நிலைத்த பிறகே பழையதை நீக்குங்கள்.

கேள்வி: எங்கள் செயலியைத் தமிழிலும் வெளியிடப் போகிறோம். டெஸ்டிங்கில் தனியாக எதைப் பார்க்க வேண்டும்?
– வாசகி, யாழ்ப்பாணம்

மொழிபெயர்ப்பைத் தாண்டிப் பார்க்க வேண்டியது நிறைய இருக்கிறது.

"தமிழ்" என்ற சொல் நமக்கு மூன்று எழுத்து. எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யுனிகோடில் அது ஐந்து குறியீடுகள், அவற்றைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் 15 பைட். பெயருக்கு 20 பைட் ஒதுக்கிய டேட்டாபேஸ் பத்தியில் நம் பெயர்கள் பல அடங்காது. நீளத்தைக் குறைக்க "தமிழ்" என்பதை நான்கு குறியீட்டில் வெட்டினால் புள்ளி போய் "தமிழ" என்று நிற்கும். வெட்டும் இடம் முழு எழுத்தின் முடிவாக இருக்கிறதா என்று சோதியுங்கள்.

"கொ" என்ற எழுத்தை யுனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ஒகரக் குறியை ஒரே குறியீடாகவோ, கொம்பும் காலுமாகப் பிரித்தோ. திரையில் வேறுபாடு தெரியாது, தேடினால் கிடைக்காது. சேமிக்கும் முன் ஒரே வடிவத்துக்கு மாற்றும் நார்மலைசேஷன் நடக்கிறதா என்று, இரு வடிவத்திலும் "கொழும்பு" என்று உள்ளிட்டுத் தேடிப் பாருங்கள்.

அகரவரிசை அடுத்த பொறி. யுனிகோட் எண் வரிசையில் ன-வுக்குப் பிறகுதான் ப வருகிறது. நம் நெடுங்கணக்கிலோ ன கடைசி. புள்ளி எழுத்தும் கௌ வரிசைக்குப் பின்னால் போய்விடும். அகராதியில் அது முதலில் வர வேண்டும். தமிழுக்கான வரிசைவிதியைப் பயன்படுத்துகிறார்களா என்று அறிய "பந்து, வண்டி, மன்னன், மலர், மழை" போன்ற சிறு பட்டியல் போதும்: பந்து, மலர், மழை, மன்னன், வண்டி என்று வர வேண்டும்.

எஸ்எம்எஸ் அனுப்பினால் செலவையும் பாருங்கள். ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து. ஒரே ஒரு தமிழ் எழுத்து சேர்ந்தாலும் வரம்பு 70 ஆகிவிடும். அதைத் தாண்டினால் 67 வீதம் துண்டாகும், ஒவ்வொரு துண்டுக்கும் கட்டணம். "தமிழ்" என்ற சொல் அதில் ஐந்தைத் தின்றுவிடும்.

பெயர்ப் படிவத்தில் குடும்பப் பெயர் கட்டாயம் என்றிருக்கிறதா? நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தலைப்பெழுத்து (இனிஷியல்) மட்டும்தான். "குறைந்தது இரண்டு எழுத்து" என்ற விதி அதையும் திருப்பியனுப்பும். பட்டன்களில் தமிழ்ச் சொல் நீண்டு முனை அறுபடுகிறதா என்பதைச் சிறிய திரையுள்ள போனில், எழுத்தளவைப் பெரிதாக்கியும் பாருங்கள்.

கேள்வி: இப்போது ஏஐ கருவியே நிமிடத்தில் நாற்பது டெஸ்ட் எழுதித் தருகிறது. நம்பலாமா?
– வாசகர், திருநெல்வேலி

கோடைக் காட்டி டெஸ்ட் எழுதச் சொன்னால், அந்தக் கோடு என்ன செய்கிறதோ அதையே சரி என்று எடுத்துக்கொண்டு எழுதும் வாய்ப்பு அதிகம். மேலே சொன்ன டெலிவரி உதாரணத்தில், "500 ரூபாய்க்குக் கட்டணம் உண்டு" என்று ஒரு டெஸ்ட் எழுதிக் கொடுத்துவிடும். பச்சையாகவும் இருக்கும். நாளை யாராவது பிழையைத் திருத்தினால் அந்த டெஸ்ட் சிவப்பாகி, திருத்தியவரைத் தடுக்கும். பிழைக்கே காவல் போட்டதுபோல ஆகிறது.

ஆகவே கோடைக் கொடுக்காமல் விதியை மட்டும் கொடுத்து, சோதிக்க வேண்டிய உதாரணங்களின் அட்டவணையைக் கேளுங்கள். நீங்கள் மறந்த சில நிலைகளை அது நினைவூட்டும். அந்த அளவில் உண்மையிலேயே நல்ல உதவி. எதிர்பார்க்கும் விடை என்ற பத்தியை மட்டும் விதியைத் தெரிந்த மனிதர் கையால் நிரப்பட்டும். அதன்பிறகு டெஸ்ட்டாக மாற்றும் தட்டச்சு வேலையைக் கருவியிடம் விடலாம்.

நாற்பதையும் மொத்தமாக மெர்ஜ் செய்யாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் அது சோதிக்கும் கோடு வரியை ஒரு முறை நீங்களே உடைத்து, டெஸ்ட் சிவப்பாகிறதா என்று பாருங்கள். டேட்டாபேஸுக்கும் பேமென்ட்டுக்கும் பதிலாகப் போலிகளை வைத்து எழுதிய டெஸ்ட்களில் இது மிகவும் அவசியம். பல, போலி கொடுத்த விடையையே திரும்பச் சரிபார்த்துக்கொண்டிருக்கும். கோடை உடைத்தும் பச்சையாக நிற்பவற்றை அன்றே நீக்கிவிடுங்கள்.